செத்தவன் செய்த தப்பு

மொஹாவே பாலைவனத்தில் இருந்த அந்த ராணுவ விமானத் தளத்துக்கு நான் மாற்றல் கேட்டு வந்ததே மேஜர் எம்மெட் ரோர்க்குக்காகத்தான். யாரும் ஓட்டிப் பார்க்காத விமானத்தை முதன்முதலாக ஓட்டிப் பார்ப்பது அவர் வேலை. ஒலியை முந்திவிட்டு வந்து இறங்குவார். உடனே, முட்டை சரியாக வேகவில்லை என்று சமையல்காரனோடு சண்டைக்கு நிற்பார். எனக்கு அவர் மேல் பைத்தியம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் ஒரு புது ரக விமானத்தோடு மணலில் வந்து மோதினார். சாக்கில்தான் அள்ளினோம். முழுசாகக் கிடைத்தது ஒரு பூட்ஸ் மட்டும். பாதம் அதற்குள்ளேயே இருந்தது.

அன்று சாயங்காலம் மதுக்கடையில் வழக்கப்படி அவரைக் குறை சொன்னோம். விமானிகளான எங்களிடையே எப்போதும் செத்தவன்தான் தப்பு செய்தவன். விமானத்தின் மேல் தப்பு என்று ஒத்துக்கொண்டால் மறுநாள் எவன் ஏறுவான்?

"ஸ்டிக்கை வெடுக்குனு இழுத்துட்டாருடா. மெதுவா இழுத்திருந்தா இந்நேரம் இங்க உட்கார்ந்து குடிச்சிட்டிருப்பாரு," என்றான் மெர்ல் ஹாட்ஜ். ஸ்டிக் என்பது, கீழே பாயும் விமானத்தை இழுத்து நிமிர்த்தும் கைப்பிடி. எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னவன் அவன்தான்.

அதே ரகத்தில் இரண்டாவது விமானத்தை ஓட்டும் வாய்ப்பு அவனுக்கே கிடைத்தது. இன்னொரு விமானத்தில் கூடவே பறந்து கண்காணிப்பது என் வேலை. பளீரென்ற காலை நேரம்.

"லைல், உன் ஓட்டை வண்டி என் கூட வருமாடா?" என்று என்னைக் கேட்டான்.

"நீ விழுந்தா பொறுக்க ஆள் வேணாமா?"

ரேடியோவில் சிரித்துக்கொண்டே மெர்ல் தலைகுப்புறப் பாய்ந்தான்.

அப்போது மூன்றாவதாக ஒரு குரல் கேட்டது.

"மெதுவா."

அந்தக் குரலைத் தூக்கத்தில் கேட்டாலும் அடையாளம் சொல்வேன்.

"லைல், விளையாடாதடா."

"நான் பேசலடா!"

பக்கத்தில் போய்ப் பார்த்தேன். அது ஒற்றை இருக்கை விமானம்.

கண்ணாடிக்குள் இரண்டு தலைகள் இருந்தன.

ஒன்றின் ஹெல்மெட் தாடை வரை பிளந்திருந்தது.

"லைல்... ஸ்டிக் மேல யாரோ கை வெச்சிருக்கான். அதுல விரலே இல்லடா."

"விட்டுட்டு வெளிய குதிடா!"

"அவசரப்படாத மெர்ல்," என்றது ரோர்க்கின் குரல். "நீ சொன்ன மாதிரியே இழு. மெதுவா."

மெதுவாகத்தான் இழுத்தான். வால் பிய்த்துக்கொண்டு போனது. விமானம் கரணம் போட்டது. மெர்லின் தலை கண்ணாடியில் மோதியது, திரும்ப மோதியது, கண்ணாடி முழுக்கச் சிவப்பாகி உள்ளே எதுவும் தெரியாமல் போகும்வரை மோதிக்கொண்டே இருந்தது. அலறல் பாதியில் நின்றது.

"பார்த்தியா, லைல்?"

சாயங்காலம் மதுக்கடையில் தளத்தின் தலைவர் கர்னல் ஸ்ட்ரவுட் என் எதிரில் வந்து உட்கார்ந்தார். அதே ரகத்தில் மூன்றாவது விமானத்தை ஓட்டப் போவது நான்.

"என்னப்பா ஆச்சு?"

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். விமானத்தில்தான் கோளாறு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அது இனிப் பறக்காது. தன் மேல் தப்பில்லை என்று ரோர்க் எனக்குக் காட்டியதும் அந்த ஒரு வார்த்தைக்காகத்தான். ஆனால் சொன்னால் நான் பயந்தாங்கொள்ளி. என்னோடு ஒருவனும் உட்கார்ந்து குடிக்க மாட்டான்.

"மெர்ல் தப்புப் பண்ணிட்டான் சார்," என்றேன்.

எல்லோருக்கும் மூச்சு வந்தது. கோப்பைகள் உயர்ந்தன.

மேஜை மேல் என் ஹெல்மெட் இருந்தது. அதன் ஒயர் எதிலும் செருகப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

அதற்குள்ளிருந்து குரல் வந்தது. இந்த முறை இரண்டு பேர்.

"அப்படியா, லைல்?"