அம்மாவுக்குப் பிடித்த இலை

பொடிசுக்கு அலுத்துப் போயிருந்தது. பள்ளி விட்டு ஆய்வுக்கூடத்துக்கு வந்து இரண்டு மணி நேரம் ஆகிறது. வீட்டுப்பாடம் முடிந்தது. பிஸ்கட்டும் முடிந்தது. அம்மாவின் வேலை மட்டும் முடிகிற வழியாகத் தெரியவில்லை.

அவளுக்கு வயது பத்து. ஆனாலும் அங்கே எல்லோருக்கும் அவள் பொடிசுதான். எத்தனை பேரிடம் சண்டை போடுவது? விட்டுவிட்டாள்.

காயத்துக்குக் கட்டும் இலைகள் உண்மையிலேயே காயத்தை ஆற்றுகின்றனவா என்று சோதிப்பது அம்மாவின் வேலை. சின்னத் தட்டுகளில் தோல் செல்களை வளர்த்து, நடுவில் ஒரு கோடு கீறுவார். அதுதான் காயம். பாதித் தட்டுகளில் இலைச்சாறு விடுவார், மீதியில் விடமாட்டார். மறுநாள் படம் எடுத்து, கோடு எவ்வளவு மூடியிருக்கிறது என்று ஸ்கேலால் அளப்பார்.

அளப்பதில்தான் தகராறு. அம்மா அளந்தால் இலை ஜெயித்தது. தலைமை ஆய்வாளர் அளந்தால் ஜெயிக்கவில்லை. "மறுபடி செய்யுங்க" என்று சொல்லிவிட்டார். இதிலேயே மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போயின. அம்மாவின் கண்கள் சிவந்து கிடந்தன.

"இந்த ஞாயிறும் வரணுமாம்மா?"

"அளவு ஒத்து வரலைன்னா வரணும் கண்ணு."

"இந்த இலை மேல உனக்கு என்ன இவ்வளவு பாசம்?"

"சின்ன வயசுல சைக்கிள்ல இருந்து விழுந்தேன். முட்டி கிழிஞ்சுபோச்சு. இந்த இலையைத்தான் அரைச்சுக் கட்டினாங்க. பாரு, தழும்பே இல்ல."

பொடிசு தன் முட்டியைக் காட்டினாள். "நானும்தான் விழுந்தேன். எனக்கும் தழும்பு இல்ல. நீ சோப்பு போட்டுக் கழுவினதோட சரி."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கத் தெம்பில்லை.

அம்மா போன வாரப் படங்களை மறுபடி அளக்க ஆரம்பித்தார். பொடிசு அருகில் போய் நின்று பார்த்தாள். கோடுகள் நேராக இல்லை. கிழித்த காகிதத்தின் ஓரம் போல, ஓரிடத்தில் குறுகியும் ஓரிடத்தில் அகன்றும் இருந்தன. 'இலை' என்று எழுதிய படம் வந்தால், ஸ்கேல் குறுகிய இடத்துக்குப் போனது. சாறு விடாத, 'வெறும்' என்று எழுதிய படம் வந்தால் அகன்ற இடத்துக்குப் போனது. அம்மா அதைக் கவனிக்கவே இல்லை.

எப்படிச் சொல்வது? பொடிசு தயங்கினாள்.

"அம்மா, விளையாட்டுப் போட்டியில நீளம் தாண்டுறதை நான் அளந்தேன்ல? என் ஃபிரெண்ட் தாண்டினப்போ மட்டும் டேப்பைத் தொளதொளன்னு பிடிச்சிருக்கேன். அளவு கூடிப்போச்சு."

"ஏமாத்தினியா?"

"இல்லம்மா. கை தானா அப்படிப் போச்சு. டீச்சர் அளந்தப்போதான் எனக்கே தெரிஞ்சுது."

ஸ்கேல் நின்றது. அம்மா படங்களைப் பார்த்தார், பிறகு தன் கையைப் பார்த்தார்.

"மத்த இலைக்கெல்லாம் பேரை மறைச்சுட்டுத்தான் அளப்பேன். இதுக்குத் தேவையில்லைன்னு நினைச்சுட்டேன்" என்றார் மெதுவாக.

"இன்னிக்கு எடுத்த படங்களை இன்னும் அளக்கலையே. நீ திரும்பி உக்காரு."

பொடிசு தன் பையிலிருந்து நோட்டு லேபிள்களை எடுத்தாள். பன்னிரண்டு படங்களையும் நன்றாகக் கலைத்து, பெயர்களின் மேல் லேபிள் ஒட்டி எண் போட்டாள். எந்த எண் எது என்பதை ரஃப் நோட்டில் எழுதி, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

அம்மா ஒவ்வொரு படத்தையும் மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடங்களில் அளந்தார். முடித்ததும் ரஃப் நோட்டு வெளியே வந்தது.

இலை விட்டதும் விடாததும் ஏறத்தாழ ஒரே அளவு.

அம்மா கணக்கை இன்னொரு தடவை போட்டுப் பார்த்தார். சும்மா இருந்திருக்கலாமோ என்று பொடிசுக்குத் தோன்றியது.

"கோபமாம்மா?"

"உன் மேல என்ன கோபம்? வருத்தம்தான். முப்பது வருஷமா நம்பிட்டேன்ல."

அம்மா தலைமை ஆய்வாளருக்குப் போன் செய்தார். "சார், நீங்க அளந்ததுதான் சரி. இந்தச் சோதனையில இலை வேலை செய்யலை." சற்று நேரம் கேட்டுவிட்டுப் போனை வைத்தார்.

"என்னம்மா சொன்னார்?"

"திங்கட்கிழமை அடுத்த இலையை ஆரம்பிக்கலாம்னார்."

"அப்ப ஞாயிறு?"

"ஞாயிறு வீடு."

பேருந்தில் ஏறியதுமே அம்மா பொடிசின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். தோள் வலித்தது. இறங்கும் இடம் வரை பொடிசு அசையவில்லை.

ஞாயிறு காலை பத்து மணியாகியும் அம்மா எழுந்திருக்கவில்லை. பொடிசு மிச்சமிருந்த லேபிளில் எழுதி, அழைப்பு மணியின் மேல் ஒட்டினாள்:

'உள்ளே தூக்கச் சோதனை நடக்கிறது. மணி அடிக்காதீர்கள்.'