இரும்புக் கதவுக்கு வெளியே

அணைத் தண்ணீரில் மூழ்கப்போகும் அந்தச் சுரங்க ஊரை அளந்து வரைபடம் போட என்னைத்தான் அனுப்பினார்கள். நான் நில அளவையாளர். டிரைவர் வராததால் அக்கா புருஷன் வண்டி ஓட்டிக்கொண்டு வந்தார். நல்ல பகல், பதினோரு மணி.

நாற்பது வருடமாக ஆள் இல்லாத ஊர். பள்ளிக்கூடம், தபாலாபீஸ், வரிசை வீடுகள் எல்லாம் கூரையிழந்து நின்றன. எங்கும் பழைய கரிப்புகை வாடை.

"இவ்ளோ பெரிய ஊரு ஏன் அத்தான் காலியாச்சு?"

"சுரங்கத்துக்குள்ள தீப்பிடிச்சுதாம். பரவக் கூடாதுன்னு மேனேஜர் வாசலை மூடச் சொல்லிட்டான். உள்ள அறுபது பேரு. அவங்க வீட்டுப் பொம்பளைங்க மூணு நாளு கதவைத் தட்டி, நகத்தால பிறாண்டி... திறக்க முடியல. அதுக்கப்புறம் யாருக்கு இங்க இருக்க மனசு வரும்?"

அவர் வண்டியை நிழலில் நிறுத்தப் போனார். நான் சுரங்க வாயை ஒட்டிய விளக்கறைக்குள் நுழைந்தேன். தொழிலாளர்கள் விளக்கு வாங்கிக்கொண்டு கீழே இறங்கிய இடம். இதற்குக் கூரை இருந்தது, ஜன்னல் கிடையாது. நாலடி வைத்திருப்பேன்.

இரும்புக் கதவு மூடியது.

இழுத்தேன், தள்ளினேன். அசையவே இல்லை. கைபேசியில் சிக்னல் இல்லை. "அத்தான்!" என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டியது. இருட்டில் கரிப்புகை கனத்துக்கொண்டே வந்தது. இரும்பு என் உள்ளங்கையைச் சுடத் தொடங்கியது.

அப்போது வெளியிலிருந்து தட்டினார்கள்.

ஒரு கை அல்ல. பல கைகள்.

"அத்தான்?"

"பயப்படாத கண்ணு." பெண் குரல், காதோரம் பேசுவதுபோல. "வாயில துணிய வச்சுக்க. கீழ உக்காரு. எப்படியும் திறந்துடுவோம்."

அந்தக் கனிவுதான் எனக்குப் பயமாக இருந்தது. நகங்கள் இரும்பில் மேலிருந்து கீழாக இறங்கின. கைக்குட்டையை வாயில் பொத்திக்கொண்டு உட்கார்ந்தேன். வேறென்ன செய்ய? மூச்சு முட்டியது.

சட்டென்று வெளிச்சம். அத்தான் நின்றார்.

"சும்மா சாத்தித்தானே இருந்துச்சு? ஏன் இப்படி..."

இருமினேன். கைக்குட்டை முழுக்கக் கரி. கதவின் வெளிப்புறத்தைப் பார்த்த அவர் முகம் வெளுத்துவிட்டது. துருவின்மேல் புதுக் கீறல்கள். சிலவற்றில் ரத்தம் இன்னும் காயவில்லை.

"ஒண்ணும் பேசாத. வண்டில ஏறு."

அளவு எடுக்காமலே திரும்பினோம்.

மறுநாள் காலை எழுந்தால் என் வீட்டு வாசல் கதவு, பீரோ, ஃபிரிட்ஜ், சமையலறை அலமாரி எல்லாமே விரியத் திறந்து கிடந்தன. அன்றிலிருந்து தினமும் அப்படித்தான்.

நேற்று வாசலுக்குப் புதுப் பூட்டு போட்டு, சாவியைக் கைக்குள் பொத்திக்கொண்டு தூங்கினேன்.

காலையில் சாவி கைக்குள்தான் இருந்தது. பூட்டு, திறந்தபடி, என் தலையணைமேல் கிடந்தது.

தொட்டேன். சுட்டது.