கூட இருங்க

மாடியில் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. எல்லோரும் வாலு என்று கூப்பிடும் சிறுமி, கீழே படிக்கட்டோரம் அண்ணனின் சக்கர நாற்காலியைப் பிடித்தபடி நின்றாள். தூறல் விடவே இல்லை. அண்ணனின் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

நடக்க முடியாத, பேசத் திணறுகிற பிள்ளைகளுக்காக அம்மாவும் சில பெற்றோரும் ஓர் அமைப்பு தொடங்குகிறார்கள். அதன் பெயரும் சின்னமும் இன்றைக்கே முடிவாக வேண்டும். பெயர்ப்பலகை எழுத பெயிண்டர் மாமாவும் வந்திருந்தார்.

"போரடிக்குதாண்ணா?"

அண்ணன் மாடியையே பார்த்தான். மேலே அவனைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அவன் கண்கள் கலங்கியிருந்தன.

வாலு தடதடவென்று படியேறினாள்.

"'கருணைக் கரம்'னே வச்சிடலாம்," என்று யாரோ சொல்லிக்கொண்டிருந்தார்.

"அண்ணன்கிட்ட கேட்டீங்களா?"

"அவனை எப்படிடி மாடிக்குத் தூக்கிட்டு வர்றது?" என்றாள் அம்மா.

"அவன் வர வேண்டாம். நீங்க இறங்கி வாங்க!"

அம்மாவின் முகம் வாடிப்போனது. அவள்தான் முதலில் எழுந்தாள்.

கீழே வந்ததும் பெயிண்டர் மாமா தான் வரைந்ததைக் காட்டினார். ஒரு பெரிய கை, ஒரு சின்னக் கையைப் பிடித்திருந்தது.

"இதுல... நான்... எது?" என்று அண்ணன் கேட்டான்.

"இந்தச் சின்னக் கைதான் தம்பி."

அண்ணன் வாலுவின் கையோடு தன் கையைச் சேர்த்து வைத்துக் காட்டினான். "என் கை... பெருசு."

பெயிண்டர் மாமா அசடு வழிந்தார். "அட ஆமாப்பா!"

"பேரை நீயே சொல்லு," என்றாள் அம்மா.

"கூ... ட..."

"கூடமா?" "கூட்டமா?" ஆளாளுக்கு ஒன்று கேட்டார்கள்.

"கொஞ்சம் பொறுங்க! அவன் சொல்லி முடிக்கட்டும்!" என்று வாலு அதட்டினாள்.

எல்லோரும் அவன் வாயையே பார்த்தார்கள்.

"கூட... இருங்க."

அதுவே பெயரானது. பெயிண்டர் மாமா இரண்டு நாற்காலிகளை ஒரே உயரத்தில், அருகருகே வரைந்தார். ஒன்றுக்கு மட்டும் சக்கரம்.

படியில்லாத ஒரு பழைய கடையை வாடகைக்குப் பிடித்தார்கள். ஈரவாடை அடித்தது. பலகை மாட்டியும் யாரும் வரவில்லை. தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். அம்மா பெருமூச்சு விட்டபடி ஒட்டடை அடித்தாள்.

ஒரு நாள், வளர்ந்த மகளை முதுகில் சுமந்தபடி ஒருவர் வாசலில் நின்றார். பலகையை அண்ணாந்து படித்தார்.

"இங்க யாரைப் பாக்கணும்?"

அம்மா வாயைத் திறந்தாள். வாலு அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"என்... னை," என்றான் அண்ணன்.

அவர் மகளை மெல்ல இறக்கி உட்கார வைத்தார்.

"உன் பேரு... என்ன?" என்று அண்ணன் அவளிடம் கேட்டான்.

அவள் சொல்லத் தொடங்கினாள். அவளுக்கும் வெகுநேரம் பிடித்தது. யாரும் குறுக்கே பேசவில்லை.