பலகைக்கு அந்தப் பக்கம்

மலையடிவாரத்துச் சந்தில் நாகராஜனுடைய பழைய ஓட்டு வீடு. அதன் முன்கூடத்தைப் பலகை வைத்துத் தடுத்து, அறை அறையாக்கி, பிரவுசிங் சென்டர் நடத்தி வந்தான். தேவசேனா தினமும் மத்தியானம் அங்கே வருவாள். சார்பதிவாளர் ஆபீஸ் எதிரே பத்திரம் டைப் அடிக்கிற வேலை அவளுக்கு; சாப்பாட்டு நேரம் மட்டும் சொந்தம். யார் முகத்தையும் பார்க்காமல் கடைசி அறைக்குப் போய், திரைச்சீலையை இழுத்துவிட்டு உட்காருவாள். அந்த அறைதான் வேண்டும். வேறு யாராவது இருந்தால், அவர்கள் எழுந்திருக்கும் வரை வாசலிலேயே நிற்பாள்.

"மத்த சிஸ்டமெல்லாம் காலியாத்தானே கீது?" என்று ஆரம்பத்தில் நாகராஜன் கேட்டுப் பார்த்தான். பிறகு விட்டுவிட்டான்.

முப்பதை நெருங்கிக்கொண்டிருந்த தேவசேனாவை ஊரில் எல்லோரும் 'ஒரு மாதிரி' என்றார்கள். "ஒரு மாதிரின்னா என்ன மாதிரி?" என்று அவள் நிஜமாகவே கேட்டாள். யாரும் பதில் சொன்னதில்லை. டியூப் லைட்டின் இரைச்சல் அவள் காதைக் குடையும். "எங்களுக்குக் கேக்கலையே" என்பார்கள், ஏதோ அவள் வேண்டுமென்றே கேட்கிற மாதிரி. ஆடி பிறந்து பம்பையும் ஒலிபெருக்கியும் ஆரம்பித்துவிட்டால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தெருவோரமாக ஓடுவாள். சாமி குத்தம் என்று அதற்கும் திட்டு.

இதையெல்லாம் விட எரிச்சல் மனிதர்களின் பேச்சு. பார்க்கலாம் என்பார்கள், பார்க்க மாட்டார்கள். ஒரு நாள் வீட்டுக்கு வாயேன் என்பார்கள். போய் நின்றால் எதற்கு வந்தாய் என்று விழிப்பார்கள். சொல்வது ஒன்று, நினைப்பது ஒன்று என்று எல்லோரும் சேர்ந்து எங்கேயோ பேசிவைத்துக்கொண்டு, தன்னை மட்டும் அங்கே கூப்பிடாமல் விட்டுவிட்டதாக அவளுக்குத் தோன்றும்.

அவளுடைய ஒரே சிநேகிதன் அந்தப் பலகைக்கு அந்தப் பக்கம் இருந்தான். நாகராஜனின் தம்பி பாலமுருகன். பக்கத்து அறையில் உட்கார்ந்து கெட்டுப்போன சிஸ்டங்களைப் பிரித்து, ஈயம் உருக்கி ஒட்டிச் சரி செய்கிறவன். நேரில் இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. எல்லாம் மெசஞ்சரில்தான். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டி, கைநீட்டினால் தொடுகிற தூரத்துக்கு அனுப்பிக்கொள்வார்கள். அனுப்புவதற்கு முன் பாலமுருகன் பலகையை நகத்தால் இரண்டு முறை தட்டுவான். சொல்லாமல் மெசஞ்சர் மணி அடித்தால் அவளுக்குத் தூக்கிவாரிப் போடும் என்பதை அவனாகவே கண்டுபிடித்திருந்தான். பெற்ற தாய்க்குக்கூட அது தோன்றியதில்லை.

ஒரு நாள் அவன் ஒரு வெளிநாட்டுத் தளத்தைக் காட்டினான். விளக்கின் இரைச்சல் வலிக்கிறவர்கள், காலரில் தைத்த துண்டுத் துணி உறுத்துகிறவர்கள், முகம் பார்த்துப் பேச வராதவர்கள் கூடி எழுதிக்கொள்ளும் இடம். எல்லோரும் வளர்ந்தவர்கள். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு தேவசேனா படித்தாள்.

'நமக்கு ஒரு பேர் கீது, பாத்தியா?' என்று எழுதினான்.

அன்றைக்கு அவள் சந்தோஷத்தில் அழுதாள். அன்றைக்கே ஓர் ஒப்பந்தமும் போட்டுக்கொண்டார்கள். நம் இருவருக்குள் சொன்னால் சொன்னதுதான். 'பார்க்கலாம்' கிடையாது, 'சும்மா சொன்னேன்' கிடையாது.

ஆடிக் கிருத்திகை முடிந்த வாரம் பாலமுருகன் காய்ச்சலில் செத்துப்போனான்.

அம்மா அன்னம்மாள்தான் துக்கம் கேட்க அழைத்துப் போனாள். நெற்றியில் காசு வைத்து, கால் கட்டை விரல்களைச் சேர்த்துக் கட்டி, கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். தேவசேனா முதல் முறையாக அவன் முகத்தை நேராகப் பார்த்தாள். ஒப்பாரி காதைப் பிளந்தது. கிளம்பலாம் என்று அம்மா தொடையைக் கிள்ளினாள்.

சின்ன வயதில் 'போறேன்' என்று சொல்லிவிட்டு வாசல் தாண்டியதற்காக தேவசேனா வாங்கிய அடி கொஞ்சமல்ல. போறேன் என்று சொல்லக் கூடாது, எங்கிருந்து கிளம்பினாலும் 'போயிட்டு வரேன்' என்றுதான் சொல்ல வேண்டும். திரும்பி வரப்போவதில்லை என்று தெரிந்த இடத்திலும் அப்படிப் பொய் சொல்ல அவளுக்கு நாக்கு கூசும். ஆனாலும் அடித்து அடித்துப் பழக்கிவிட்டார்கள்.

அவள் எழுந்து நின்றாள். பாலமுருகனைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"போயிட்டு வரேன்."

ஒப்பாரி நின்றுவிட்டது.

அம்மா அவளைத் தரதரவென்று தெருவுக்கு இழுத்து வந்தாள். "இழவு வூட்ல வரேன்னு சொல்லுவாளாடி எவளாவது?"

"நீதானே எங்கருந்து கெளம்பினாலும் சொல்லணும்னே?"

"இங்க சொல்லக் கூடாதுடி பாவி! சத்தம் போடாம எழுந்து வந்துகினே இருக்கணும்!"

"அத ஏன் முன்னாடியே சொல்லல?"

எப்போதும் இப்படித்தான். விதியை அடித்துச் சொல்லிக்கொடுப்பார்கள். விலக்கு மட்டும் அவர்களுக்குள்ளேயே இருக்கும். அவள் மிதித்த பிறகுதான் அங்கே பள்ளம் இருந்ததாகச் சொல்வார்கள்.

அன்று அம்மா அவள் தலையில் மஞ்சள் தண்ணீர் கொட்டினாள், பூசணிக்காய் சுற்றி உடைத்தாள், இனி அந்தச் சந்துப் பக்கமே போகக் கூடாது என்றாள். காரியம் முடிந்து சென்டர் திறந்தது தெரிந்ததும் தேவசேனா சண்டை போட்டாள்.

"அந்த ஒரு மணி நேரம் இல்லன்னா எனக்குப் பேச எடமே இல்லம்மா."

"ஏன், நான் இல்லயா?"

இதற்குச் சரியான பதிலை யோசித்தாள். யோசிக்க நேரமாகிவிட்டது. அம்மாவின் கண் கலங்குவதைப் பார்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியேறினாள்.

நாகராஜன் மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்தான். "வாம்மா. பக்கத்து ரூம்ல சிஸ்டமெல்லாம் எடுத்துட்டேன். வெறும் சேர்தான் கீது. நீ பாட்டுக்கு ஒக்காரு."

உட்கார்ந்தாள். மெசஞ்சரில் பாலமுருகனின் பெயர் மங்கிக் கிடந்தது. அவன் காட்டிய தளத்தைத் திறந்தாள். யாரோ ஒருத்தி, சிநேகிதம் போன பிறகு யாரோடும் பேச முடியவில்லை என்று எழுதியிருந்தாள். தேவசேனா அதையே திரும்பத் திரும்பப் படித்தாள்.

ஈயம் உருகும் வாசனை வந்தது.

அப்போது கரண்ட் போனது. ஃபேன் நின்றது. வரிசையாக எல்லா அறைகளிலிருந்தும் "அய்யய்யோ" என்ற குரல்கள். நாற்காலிகள் நகர்ந்தன, வெளியே போகிற காலடிச் சத்தம் கேட்டது.

அவளுடைய திரை மட்டும் அணையவில்லை.

டொக். டொக்.

பலகையில், நகத்தால்.

மங்கிக் கிடந்த பெயர் பளிச்சென்று எழுந்தது. அதன் கீழே எழுத்துகள் வந்தன.

'வரேன்னு சொன்னியே.'

பயத்துக்கு முன்னால் அவளுக்குச் சந்தோஷம்தான் வந்தது. வெட்கமில்லாத, பொங்குகிற சந்தோஷம். அதற்குள் திரையில் அடுத்த வரி வந்தது.

'எப்போ?'

'அம்மா சொல்லிக்குடுத்தது. சும்மா சொன்னேன்' என்று தட்டினாள்.

'நமக்குள்ள சும்மா கிடையாது.'

"அண்ணா!" திரைச்சீலையை விலக்கிக் கூப்பிட்டாள். "பலகைய யாரு தட்றது?"

"யாரும் தட்டலையேம்மா," என்றான் நாகராஜன் வாசலிலிருந்து. "எனக்குக் கேக்கலையே."

அவளுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. வாழ்நாள் முழுக்க இதே பதில். பக்கத்து அறையை எட்டிப் பார்த்தாள். வெறும் நாற்காலி. அது பலகையை ஒட்டி, அவள் அறைப் பக்கமாகத் திரும்பியிருந்தது.

டொக். டொக்.

'இங்க லைட் சத்தம் இல்ல. மைக் செட் இல்ல. மூஞ்சியப் பாருன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. பக்கத்துல ஒரு எடம் காலியா கீது. எப்போ வர்ற?'

அவள் அந்த வரியை மறுபடி படித்தாள். பொய்யில்லை. அவன் பொய் சொல்ல மாட்டான். அவள் வாழ்நாளெல்லாம் கேட்டதைத்தான் தருகிறேன் என்கிறான். கண் கலங்கி நின்ற அம்மா நினைவுக்கு வந்தாள். ஏன், நான் இல்லயா?

எந்த வார்த்தைக்காக அத்தனை அடி வாங்கினாளோ, அந்த வார்த்தையைத் தட்டினாள்.

'வர மாட்டேன். போறேன்.'

திரை அப்படியே நின்றது. ஈய வாசனை நெஞ்சை அடைத்தது.

'சரி. நீ வர வேணாம்.'

அவள் மூச்சு விட்டாள்.

'நான் வரேன்.'

திரை அணைந்தது.

வேலைக்குத் திரும்பாமல் நேரே வீட்டுக்கு ஓடினாள். கதவைச் சாத்தித் தாழ் போட்டு, மர பீரோவில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். பொழுது சாய்ந்தது. அடுக்களையிலிருந்து அம்மா விளக்கேற்ற வந்து கத்தினாள்.

"வெளக்கு வெக்கிற நேரத்துல கதவ சாத்தி வெப்பாங்களாடி? வூட்டுக்கு வர்ற லட்சுமி எப்படி வருவா?"

"தொறக்காதம்மா."

"ஏன்?"

எங்கிருந்து ஆரம்பிப்பது? எதைச் சொன்னால் நம்புவாள்? வார்த்தைகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தபோது தலைக்கு மேல் டியூப் லைட்டின் இரைச்சல் நின்றது. விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அவள் வாழ்க்கையில் அப்படியொரு அமைதியைக் கேட்டதில்லை.

டொக். டொக்.

கதவில்.

அம்மா தலையைத் திருப்பினாள். வீட்டுக்கு வருகிற யாருக்கும் சொல்கிற மாதிரி, பழக்க தோஷத்தில் குரல் கொடுத்தாள்.

"ஆங், யாரது? வாங்க, உள்ள வாங்க."

தேவசேனா பாய்ந்து அவள் வாயைப் பொத்தினாள். சொல்லி முடித்தாகிவிட்டது. அம்மா கையைத் தட்டிவிட்டுத் தாழை எடுத்துக் கதவைத் திறந்தாள். வாசலில் யாருமில்லை. தெருவிலும் யாருமில்லை.

ஈயம் உருகும் வாசனை அவர்களைக் கடந்து வீட்டுக்குள் போனது.

அடுத்த தட்டல் கதவில் இல்லை. அவர்களுக்குப் பின்னால், தேவசேனா சாய்ந்திருந்த பீரோவின் உள்ளேயிருந்து வந்தது.

டொக். டொக்.

அம்மா மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். காதோரம் கிசுகிசுத்தாள்.

"தேவசேனா... எனக்கும் கேக்குதுடி."