கப்பல் தெரியும் ஜன்னல்

ஐறீனின் தேநீர்க் கோப்பைக்குள் சுண்ணாம்பு விழுந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள்.

கொட்டாஞ்சேனையில் ஒல்லாந்தர் காலத்து வீடு அது. துறைமுகத்தில் வேலை பார்த்த இரண்டு சிநேகிதர்கள் சேர்ந்து வாங்கியது. மாடி ஜன்னலில் நின்றால் கப்பல்கள் தெரியும். அந்த ஜன்னல் யாருக்கு என்று தொடங்கிய சண்டை, கூடத்தின் நடுவே சுவராய் எழும்பியது. இந்தப் பாதி ஐறீனின் தாத்தாவுக்கு. ஜன்னலோடு அந்தப் பாதி மற்றவருக்கு. இருவரும் செத்துப்போனார்கள். சுவர் நின்றது.

மழையில் நனைந்தபடியே அவள் பக்கத்து வாசலுக்குப் போனாள். கதவைத் திறந்தவன் கையில் சுத்தியல். மற்றவரின் பேரன் ஹியூபேட். பூட்டிக்கிடந்த பாதிக்கு நீர்கொழும்பிலிருந்து நேற்றுத்தான் குடிவந்திருந்தான். அந்தக் கண்கள்... மழைக்கு முந்திய கடல் போல...

"ஆணி அடிக்கிறீங்களா, வீட்டை உடைக்கிறீங்களா?"

"உங்கட பக்கம் விழுந்ததோ?"

"என்ர தேத்தண்ணிக்குள்ள விழுந்தது."

"அப்ப நான் வேற தாறன். உள்ளுக்கு வாங்கோ..."

"உங்கட வாசலுக்கு நாங்கள் வாறேல்லை."

"வந்திட்டீங்களே."

கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. சிரித்துவிட்டாள்.

பிறகு மாலைகளில் சுவருக்கு இருபுறமும் இருந்து கதைத்தார்கள். ஒருநாள் ஹியூபேட் கோட்டுப் போட்டுக்கொண்டு பெண் கேட்டு வந்தான். ஐறீனின் தகப்பன் நிக்கலஸ் அவனை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"அந்த வீட்டு ஆக்களோட எங்களுக்குக் கதை இல்லை."

அவனும் ரோஷக்காரன். மறுவாரமே மூட்டை கட்டத் தொடங்கினான். அந்தச் சத்தம் கேட்டு ஐறீன் தகப்பன் முன்னால் வந்து நின்றாள்.

"கோபம் தாத்தாமாரின்ர, பப்பா. அதுக்கு நாங்கள் ஏன் காவல் இருக்கிறம்? அவர் போனால், வேற ஒருத்தருக்கும் நான் கழுத்து நீட்டமாட்டன்."

நிக்கலஸ் நடுச்சுவரை ஒருமுறை தொட்டுப் பார்த்தார். பிறகு குடையை எடுத்தார். "நீயும் வா, மகள்."

அவரைக் கண்டு ஹியூபேட் பதறி எழுந்தான்.

"தம்பி, மேல போய்ப் பாக்கலாமோ? இந்த வீட்டிலயே பிறந்தனான். அந்த ஜன்னலை ஒருநாளும் பாத்ததில்லை."

அவர் கைப்பிடியைப் பற்றி மெல்ல மாடி ஏறினார். கீழே இருவரும் தனித்து நின்றார்கள்.

"ஏன் போக வெளிக்கிட்டீங்கள்?"

"நீங்கள் மறிக்கேல்லையே..."

"வெட்கமா இருந்தது."

"இப்ப?"

ஐறீன் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

"இப்பவும் வெட்கம்தான். ஆனா உங்களை எனக்கு நல்ல விருப்பம், ஹியூபேட். போகாதேங்கோ..."

அவன் கட்டிவைத்த மெத்தை மேலேயே உட்கார்ந்துவிட்டான்.