செம்புக் கம்பி கட்டிய செருப்பு

நெல் அவிக்கும் பொயிலரைத் திருத்த வந்த ராஜரத்தினம், சேற்றில் வழுக்குமென்று செருப்பை அதன் வாயிலேயே விட்டுவிட்டு, வெறுங்காலோடு கொட்டிலுக்குப் போய் இரண்டு வாய் சோறு தின்றுவிட்டு வந்தான். வந்து பார்த்தால் அங்கே இரண்டு சோடிச் செருப்பு கிடந்தது. ஒன்று அவனுடையது. மற்றது? உடையார்கட்டு வயல்வெளிக்கு நடுவே நின்ற அந்த அரிசி ஆலையில் அன்றைக்கு அவனைத் தவிர ஒரு ஈ காக்கை இல்லை.

ஒரு கிழமையாய் விடாத மழை. மார்கழி வாடைக்காற்று தகரக் கூரையைத் தூக்கித் தூக்கி அடித்தது. ஊறல் தொட்டிகளிலிருந்து புளித்த நெல்லின் மணம் ஈரச் சுவரெல்லாம் ஏறி நின்றது. ஸ்பானரைப் பிடித்தால் விரல் பிடித்தபடியே விறைத்துக் கிடந்தது.

முதலாளி மயில்வாகனம் காலையில் சொல்லிவிட்டுத்தான் போனார். திருத்து வேலைக்காரரை அங்கே 'பாஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். "பாஸ், ஊறின நெல்லு பழுதாகப்போகுது. உள்ள ஒழுகிற குழாயை இண்டைக்கே அடைச்சுத் தாங்கோ. பின்னேரம் வேலைக்காரப் பெடியள் வந்து அடுப்பு மூட்டுவாங்கள்." வாசலில் நின்று திரும்பினார். "செருப்பை வெளியில விட மறந்திடாதேங்கோ. செல்வராசான்ர கதை தெரியுந்தானே."

"ஓம் முதலாளி."

தெரியாமலா! பொயிலருக்குள் போகிறவன் செருப்பை அதன் வாயில் கழற்றி விட வேண்டும். செருப்பு கிடந்தால் ஆள் உள்ளே, மூடியைத் தொடக்கூடாது. ஆறு வருடத்துக்கு முன், இதே ஆலையில், இதே மழையில், கூட்டாளி செல்வராசாவை உள்ளே வைத்து மூடியது ராஜரத்தினம்தான். "செருப்பு கிடக்கேல்ல" என்று பொலிசுக்குச் சொன்னான். செத்தவனின் மனைவி ரஜிதாவுக்கும் சொன்னான்.

கிடந்தது. அறுந்த வாரைச் செம்புக் கம்பியால் கட்டிய செருப்பு. சேற்றுக் காலம்தானே, வெறுங்காலோடு தேத்தண்ணி குடிக்கப் போயிருப்பான் என்று நினைத்தான். ஒரு குரல் கொடுத்துப் பார்த்தானா, பாவி? இல்லை. குளிர், வீட்டுக்குப் போகும் அவசரம். மூடினான், நட்டுகளை இறுக்கினான், உமியைப் பற்றவைத்தான். மழைச் சத்தத்தில் உள்ளே தட்டியது கேட்கவில்லை. பிறகு அந்தச் செருப்பை ஆலைக்குப் பின்னால் கிடந்த பழைய உமி மேட்டுக்குள் ஆழப் புதைத்துவிட்டான்.

இப்போது கிடந்த செருப்பில் செம்புக் கம்பி இருந்தது. உமியும் ஒட்டியிருந்தது.

"நாய்தான் கிளறி எடுத்திருக்கும்" என்று வாய்விட்டுச் சொன்னான். கேட்க ஆளில்லை. செல்வராசா போன பிறகு இவனோடு வேலைக்கு வர எவனும் சம்மதிக்கவில்லை. வருடங்களுக்குப் பிறகு கிடைத்த பெரிய வேலை இது. விட்டுவிட்டு ஓடினால் ஏன் ஓடினாய் என்று ஊர் கேட்கும். மடியில் கனமிருந்தால் வழியில் பயம்தானே. செருப்பைத் தூக்கிப் பின்பக்க வாய்க்காலில் எறிந்தான். வெள்ளம் அதை இழுத்துக்கொண்டு போனது.

தன் செருப்பைச் சரியாக வைத்துவிட்டு உள்ளே தவழ்ந்தான்.

உள்ளே துருவும் பழைய நீரும் மணத்தன. முதுகில் பட்ட இரும்பு குளிரை எலும்புக்குள் இறக்கியது. சுத்தியலால் ஒருமுறை அடித்தால் சத்தம் பொயிலரின் கடைசிவரை போய், கொஞ்சம் தாமதித்து, திரும்பி வந்தது. தனியாக வேலை செய்து பழகியவன்தான். ஆனாலும் இன்றைக்கு ஒவ்வொரு அடிக்கும் நின்று காது கொடுத்தான். ஒழுக்கை அடைத்தான். இறுக்கினான். சுத்தியலைக் கீழே வைத்தான்.

அடி ஓசை நிற்கவில்லை. இன்னும் மூன்று முறை கேட்டது.

திரும்பிப் பார்த்தான். வாய்க்கு வெளியே மங்கல் வெளிச்சத்தில் செம்புக் கம்பிச் செருப்பு. நீர் சொட்டச் சொட்ட.

அவனுடையதைக் காணவில்லை.

"ஆரது? நான் உள்ள நிக்கிறன்! மூடாதேங்கோ!"

தகரத்தில் மழை. வேறொன்றுமில்லை.

தவழ்ந்தான். முழங்கால் கிழிந்தது. இன்னும் இரண்டு முழம். மூடி அசைந்தது.

"செல்வராசா... செருப்பு கிடந்தது. நான் கண்டனான். பொய் சொன்னனான்ரா!"

மூடி பாதியில் நின்றது. மிஞ்சிய இடைவெளியில் இரண்டு கால்கள். வெந்து தோல் உரிந்த கால்கள். அவற்றில் ராஜரத்தினத்தின் செருப்பு.

மூடி பொருந்தியது.

இருட்டு. ஒவ்வொரு நட்டாக இறுகியது. அவசரமில்லாமல்.

மூடியைத் தேடித் துழாவிய கையில் ஈரமாக ஏதோ தட்டுப்பட்டது. செருப்பு. கம்பி விரலில் குத்தியது. அதை யாரோ உள்ளே வைத்திருந்தார்கள்.

வெளியே இப்போது ஒரு செருப்பும் இல்லை.

பெடியள் சிரித்துக் கதைத்தபடி வருவது கேட்டது. பிறகு, உமி புகையும் மணம்.