சிவப்புக் குருணைகள்

மழைக்கு ஒதுங்குகிறவனைப் போலத்தான் அவன் சுகாதார நிலையத்துக்குள் நுழைந்தான். வலக்கையில் வண்ணக் கறை படிந்த துணி. அதிலிருந்து பழுப்பாக ஏதோ சொட்டியது.

நர்ஸ் அருள்மொழி துணியை அவிழ்த்தாள். உள்ளங்கையில் நீளமான வெட்டு. அதற்குள் திணித்து வைத்த காப்பித்தூள்!

"ஏனுங்க, காப்பித்தூளை டம்ளர்ல போடுவாங்க. கையிலயா போடுவாங்க?"

"ரத்தம் நிக்கும்னு சொன்னாங்க சிஸ்டர்..."

"பாலும் சக்கரையும் போட மறந்துட்டீங்களாட்ட இருக்குது."

வலியிலும் சிரித்துவிட்டான். அந்தக் கண்களை ஒரு நொடி கூடுதலாகப் பார்த்துவிட்டு, அவள் அவசரமாகப் பஞ்சைத் தேடினாள்... பஞ்சு கையிலேயே இருந்தது.

பெயர் மாதேஸ்வரன். மலைமேலுள்ள தேவனூர்ப் பள்ளியில் ஓவிய ஆசிரியர். மிளகுக் கொடியை வரையப் பாறை மேல் ஏறி, வழுக்கி விழுந்து, உடைந்த கல்லில் கையை ஊன்றியிருக்கிறான். அடுத்த மாதம் சேலத்தில் அவனுடைய முதல் கண்காட்சி. பாதிப் படங்கள் இன்னும் வெறும் தாள்.

"கை... பழையபடி வருங்களா?"

"ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாத்த வந்தா வரும்."

வந்தான். அவன் வரும் நாட்களில், அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து அவள் வேலைக்கு ஏறிவரும் பஸ்ஸுக்கு மலைப்பாதையில் பாதி வளைவுகள் காணாமல் போயின...

பத்தாம் நாள் கட்டுத் துணியில் புது ரத்தம். பிரித்தவளின் முகம் சிவந்தது.

"என்ன பண்ணுனீங்க?"

"நேத்து கட்டு நனைஞ்சிருச்சுங்க. பிரிச்சுப் பாத்தா உள்ள சிவப்பா, ரவைக் குருணையாட்டம்... அழுக்குன்னு ஈரப் பிரஷ்ஷால ஒத்தி எடுத்துட்டேன். தாள்ல வண்ணம் திரிஞ்சா அப்படித்தானுங்க எடுப்போம்."

"அது புதுச் சதைங்க! மயிரிழையாட்டம் ரத்தக்குழாய் முளைச்சு வரதுதான் அந்தக் குருணை. அதுக்குத்தானே பத்து நாளாக் காத்திருந்தேன்!"

"சொன்னாத்தானுங்க தெரியும்?" அவன் குரலும் உயர்ந்தது. "நீங்க சொல்லவே இல்லியே!"

உண்மைதான். ஆனால் அதை ஒப்புக்கொள்ளாமல் புதுத் துணியை எடுத்துக் கட்டினாள். 'வாரேனுங்க' என்றுகூடச் சொல்லாமல் அவன் போனான்.

அடுத்த முறை வரவில்லை. அதற்கடுத்த முறையும். 'கண்காட்சி நின்னு போனா அது யாரால?' ஐந்தாம் நாள் வேலை முடிந்ததும், மருந்தைப் பையில் போட்டுக்கொண்டு தேவனூர் பஸ் ஏறினாள்.

பள்ளி வராந்தாவில் அவன் இடக்கையால் வரைந்துகொண்டிருந்தான். மழை நேரத்து மலை. நீல வண்ணம் தாளின் நுண்குழிகளில் பொடிப்பொடியாகத் தங்கி, மூடுபனியாக நின்றது.

"இதத் துடைக்கலீங்களா?"

"நீங்க திட்டுன திட்டுக்கு, இனி எதையும் துடைக்கப் பயமுங்க." சிரிக்காமல் சொன்னான். பிறகு, "விட்டுப் பாத்தேன். பனி தானா வந்திருச்சு."

சுவரிலிருந்த சூரியன் படத்தைக் காட்டினான். "அதுக்கும் மூஞ்செல்லாம் குருணைதானாம். அறிவியல் சார் சொன்னாரு. ஒவ்வொண்ணும் தமிழ்நாட்டை விடப் பெருசாம். அடியில இருக்கற சூடு மேல பொங்கி வரது அப்படித் தெரியுதாம்."

அவள் பையிலிருந்து மருந்தை எடுத்தாள். "சொல்லாம விட்டது என் தப்புங்க. கையக் காட்டுங்க."

நீட்டினான். சிவப்புக் குருணைகள் மறுபடி முளைத்திருந்தன. இம்முறை அவன் தொடவில்லை.

திரும்பவும் ஒருநாள் விட்டு ஒருநாள். கண்காட்சிக்கு இரண்டு நாள் இருக்கையில், கடைசிப் படத்தை வலக்கையாலேயே முடித்துவிட்டு மழையில் நனைந்து வந்தான்.

கட்டைப் பிரித்தாள். மெல்லிய இளஞ்சிவப்புக் கோடு மட்டும். புதுத் துணியை எடுத்த கை பாதியில் நின்றது.

"இந்தத் தடவை சொல்லிடறேன்... காயம் ஆறி நாலு நாள் ஆச்சுங்க."

"அப்புறம் எதுக்கு முந்தாநாள் கட்டுனீங்க?"

ஓட்டின் மேல் மழை கொட்டியது. அவள் தரையைப் பார்த்தாள்.

"கட்டலைன்னா நீங்க வர மாட்டீங்களே... எனக்கு உங்களப் பிடிச்சிருக்குதுங்க."

"ஆறுனது தெரியுங்க சிஸ்டர். பிரஷ் கழுவுற தண்ணி பட்டும் எரியல."

"தெரிஞ்சுமா வந்தீங்க? அதுலயும் இன்னுமா சிஸ்டர்?"

"...தெரிஞ்சுதான் வந்தேன், அருள்மொழி."

கட்டு அவிழ்த்த கையை அவன் நீட்டினான். அவள் துணியை மேசையில் வைத்துவிட்டு அதைப் பிடித்தாள்.